குஞ்சு காக்கும் விரால்

கன்னையாவை நல்ல மனுஷன் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருபது வருஷமாக அவர் இருக்கும் தோட்ட லயத்திலேயே, சுவர் ஒட்டிய பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கிறேன். அவர் நல்லவராக இருந்ததற்கு யார் அவஸ்தைப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

கொடகவெலவில் எங்கள் ரப்பர் தோட்டத்தை ஒட்டி ஒரு சின்ன ஓயா ஓடுகிறது. பால் வெட்டு முடிந்தால் கன்னையா தூண்டிலோடு அங்கேதான் கிடப்பார். கெண்டை, கெளுத்தி எது வந்தாலும் விடமாட்டார். குஞ்சோடு திரியும் விராலை மட்டும் தொடமாட்டார். கல்யாணமான புதிதில் பிள்ளை கேட்டு மாரியம்மனுக்கு அப்படி நேர்ந்துகொண்டாராம். பிள்ளை பிறக்கவில்லை. நேர்த்தியை மட்டும் முப்பது வருஷமாகக் கட்டிக்கொண்டு அழுதார்.

போன வருஷம் அவர் மனைவி இருளாயியின் காலில் கட்டை குத்திவிட்டது. சீனி வருத்தக்காரி, சர்க்கரை நோயில் புண் ஆறவில்லை. கிளினிக்கில் ஒரு சிங்கள அம்மா, லூலா சூப் குடித்தால் ஆறிவிடும் என்றாள். லூலா என்றால் விரால்தான். இருளாயி அதையே பிடித்துக்கொண்டாள்.

ஓயாவில் அப்போது கன்னையா கண்டது ஒரே ஒரு விரால். அதுவும் குஞ்சோடு.

"குஞ்சு செவப்பா இருக்கு புள்ள. கருத்துட்டா தாயி விட்டுட்டுப் போயிரும். அப்புறம் புடிச்சித் தாரேன்."

"எத்தன நாளுங்க?"

"ஒரு பதினஞ்சு நாளு."

பதினைந்து நாளும் கரையில் உட்கார்ந்து கொக்கு விரட்டினார். குஞ்சு கறுப்பதற்கு முன்னால் இருளாயியின் பெருவிரல் கறுத்தது. இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். விரால் தின்றிருந்தாலும் கால் தப்பியிருக்காது என்றார் டாக்டர். இருளாயி அதைக் காதிலேயே வாங்கவில்லை.

இந்த வருஷம் மழை விட்டதும், "குஞ்சு எங்க நிக்குதுன்னு காட்டுங்க" என்றாள். கன்னையா அவளை முதுகில் சுமந்துகொண்டு இறங்கினார். தூண்டிலை நான் எடுத்துப் போனேன்.

உயிர்த் தவளையின் தொடையில் அவளே முள்ளைக் கோத்தாள். சிவப்பாக மொய்த்த குஞ்சுகளுக்கு நடுவில் போட்டாள். தாய் விராலுக்குப் பசி வேண்டியதில்லை, குஞ்சு மேல் எது விழுந்தாலும் பாயும். இரண்டாவது வீச்சில் கரைக்கு வந்துவிட்டது.

"விட்டுரு புள்ள" என்றார் கன்னையா.

"கல்ல எடுத்து அடிங்க."

அடித்தார். சரியாகப் படவில்லை.

"சாகல. இன்னொன்னு போடுங்க."

தண்ணீரில் கெண்டைகள் வந்து குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தின்றன. கடைசிக் குஞ்சு போகும்வரை அவரை அங்கேயே நிற்க வைத்தாள்.

வீட்டில் உட்கார்ந்தபடியே மிளகு தட்டிப்போட்டு சூப் வைத்தாள். ஒரு கோப்பையில் ஊற்றி அவர் முன்னால் நகர்த்தினாள்.

"ஒனக்குத்தானே புள்ள புடிச்சது?"

"எனக்குத்தான் ஆறிருச்சே. நீங்க குடிங்க."

கன்னையா அழுதுகொண்டே குடித்தார். நான் வாசலில் நின்று பார்த்தேன். எனக்குப் பாவமாகவே இல்லை.