ஒருத்தர் கண்ணும் மூடாத படம்

அந்த போட்டோக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஸ்டுடியோ வாசல் பலகையில் இருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்த பெயர்தான் நிலைத்தது: 'இன்னொண்ணு'. குரூப் போட்டோ எடுத்து முடித்து, பிள்ளைகள் பெஞ்சிலிருந்து குதிக்கப் போகும் நேரம் பார்த்துக் கையைத் தூக்குவார். "இன்னொண்ணு! ஒரே ஒரு இன்னொண்ணு!" அந்த ஒரே ஒரு இன்னொண்ணு பத்துப் பதினைந்து ஆகும். வெயிலில் நின்ற டீச்சர்மார்கள் மனசுக்குள் திட்டுவார்கள். வெளியே சிரிப்பார்கள்.

நாற்பது பேரை நிறுத்தினால் நாற்பது பேருக்கும் ஒரே நொடியில் கண் திறந்திருப்பது லேசுப்பட்ட காரியமா? ஒருத்தன் சிமிட்டுவான், ஒருத்தி பக்கத்தில் நிற்பவளைப் பார்த்துச் சிரிப்பாள். மற்ற ஸ்டுடியோக்காரர்கள் நாலு படம் எடுத்துக்கொண்டு போய், ஒரு படத்துத் தலையை வெட்டி இன்னொரு படத்து உடம்பில் கம்ப்யூட்டரில் ஒட்டிவிடுவார்கள். இவருக்கும் அந்த வேலை தெரியும். ஆனால் செய்ய மாட்டார். "வெட்டி ஒட்டுறதுக்கு கேமரா எதுக்கு? கத்திரிக்கோல் போதாதா?" என்பார். பதினெட்டு வருஷமாக அவர் எடுத்த குரூப் போட்டோ எதிலும் ஒருத்தர் கண்கூட மூடியிருந்தது கிடையாது. போகிற இடமெல்லாம் இதைச் சொல்லி மார்தட்டிக்கொள்வார். "நீங்க தூங்குறவங்களைப் படம் எடுக்கணும்னாலும் எழுப்பி உட்கார வச்சுட்டுத்தான்பா எடுப்பீங்க" என்று மகள் கிண்டல் செய்வாள். அதற்கும் பெருமைதான் படுவார், மனுஷன்.

முன்னறை ஸ்டுடியோ, பின்னால் வீடு. வீட்டில் மூன்று பேர். மனைவிக்கு நாலு வருஷத்துக்கு முன் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. மனைவியின் அக்கா, "என்கிட்ட ரெண்டு இருக்கே, ஒண்ணை எடுத்துக்கோங்க" என்று வந்து ஆபரேஷனுக்குப் படுத்தார். கூடப் பிறந்தவள் என்றால் அப்படி இருக்க வேண்டும். வந்த சிறுநீரகத்தை உடம்பு வெளியே தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்பு சக்தியை அடக்கிவைக்கும் மாத்திரைகளைக் காலையிலும் மாலையிலும் தவறாமல் போட வேண்டும். காவல் நாயைக் கட்டிப்போட்ட வீடு மாதிரி அந்த உடம்பு. எவன் நுழைந்தாலும் குரைக்க ஆளில்லை.

அப்போதுதான் ஊரெங்கும் தொற்று பரவியது. தடுப்பூசி போட்டும் மனைவியின் உடம்பில் அது சரியாகப் பிடிக்கவில்லை. டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "இது உங்க வீட்டுக்குள்ள வரவே கூடாது. வந்தா அப்புறம் எங்க கையில எதுவும் இல்ல" என்றார்.

எட்டாம் வகுப்பு படித்த மகள் அன்றே வீட்டு நிர்வாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். ஸ்டுடியோவுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த கதவு பூட்டப்பட்டது. அப்பா கொல்லைப்புறமாகச் சுற்றி வந்து, குளித்து, சட்டை மாற்றிக்கொண்டுதான் உள்ளே வரலாம். அவளும் அப்படியே. பள்ளிக்கூடத்தில் காலையில் மாட்டிய மாஸ்க்கை மாலையில் வீட்டுக்கு வந்துதான் கழற்றுவாள். மதியச் சாப்பாட்டை மாடிப்படிக்குக் கீழே தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாள். வகுப்பில் அவளுக்கு 'ஆபரேஷன் தியேட்டர்' என்று பட்டப்பெயர். "அப்பாவுக்கும் பட்டப்பெயர், பொண்ணுக்கும் பட்டப்பெயர். நம்ம குடும்பத்துக்கே ராசிப்பா இது" என்று சொல்லிச் சிரிப்பாள்.

அடுத்த வருஷம் பெற்றோர் கூட்டத்தில் மாஸ்க் பற்றிப் பெரிய ரகளை. "பிள்ளைங்க மூச்சு விட வேணாமா சார்?" என்றார் ஒரு அப்பா. "என் பொண்ணு மூஞ்சி பூரா பரு" என்றார் ஒரு அம்மா. "சின்ன வயசு, அதுகளுக்கு ஒண்ணும் வராது" என்று இன்னொருவர் சத்தியமே செய்தார். மாணவர் சார்பில் பேச வந்திருந்த மகள் எழுந்து நின்றாள்.

"எங்களுக்கு ஒண்ணும் ஆகாது அங்கிள். நாங்க சாயங்காலம் வீட்டுக்குப் போறோமே, அங்க இருக்கிறவங்களுக்கு?"

கடைசியில் ஹெட்மாஸ்டர், யார் மனதும் நோகக்கூடாது என்று, "மாஸ்க் போடுறதும் போடாததும் அவங்கவங்க விருப்பம்" என்று முடித்துவிட்டார். மறுநாளிலிருந்து வகுப்பில் பாதிப் பேர் போட்டார்கள், பாதிப் பேர் போடவில்லை. போட்டோக்காரருக்கோ மகள் பேசியதில் தலைகால் புரியவில்லை. ஒரு வாரம் ஸ்டுடியோவுக்கு வந்தவர்களிடமெல்லாம் "என் பொண்ணு கேட்ட கேள்வியைக் கேட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கேள்வி அவருக்கும் சேர்த்துத்தான் என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை.

குரூப் போட்டோ நாள் அன்று மழை கொட்டியது. மைதானத்தில் எடுக்க வழியில்லை. பெஞ்சுகளை உள்ளரங்கத்துக்குத் தூக்கிவந்து, சாரல் அடிக்கிறது என்று ஜன்னல்களையும் சாத்திவிட்டார்கள். நாலு வரிசை, நாற்பத்திரண்டு பிள்ளைகள், தோளோடு தோள். முதலில் மாஸ்க்கோடு ஒரு படம் எடுத்தார். போன வருஷமும் அப்படித்தான் எடுத்தார்கள். 'என் பையன் எங்கேன்னு பூதக்கண்ணாடி வச்சுத் தேட வேண்டியிருக்கு' என்று பெற்றோர்கள் புகார் சொல்லியிருந்தார்கள். அதனால் ஹெட்மாஸ்டர், "ரெண்டே நிமிஷம், மாஸ்க்கைக் கழட்டிட்டு ஒண்ணு எடுத்துடுங்க" என்றார்.

எல்லாரும் கழற்றினார்கள். கேமராவுக்குள் பார்த்தால் மூன்றாவது வரிசை நடுவில் ஒரே ஒரு நீலம். மகள்.

"ஏம்மா, கழட்டும்மா."

அவள் தலையை ஆட்டினாள். "வேணாம்பா. நான் இப்படியே நிக்கிறேன்."

"நடுவுல ஒண்ணு மட்டும் அப்படி இருந்தா படமே கெட்டுப்போயிடும்."

"அப்போ நான் இறங்கிடுறேன்பா. நான் இல்லாம எடுங்க."

வகுப்பு சிரித்தது. பின்வரிசையில் எவனோ "ஆபரேஷன் முடியலையாம்!" என்று கத்தினான். போட்டோக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. சொந்த மகளே சொன்ன பேச்சு கேட்கவில்லை என்றால் ஹெட்மாஸ்டர் முன்னால் மரியாதை என்ன ஆவது? அந்தப் பாழாய்ப்போன மரியாதை!

"ரெண்டு நிமிஷம்தாண்டா கண்ணு. அப்பா சொல்றேன்ல. கழட்டு."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு கழற்றி, நாலாய் மடித்து, பையில் வைத்துக்கொண்டாள்.

இரண்டு நிமிஷமாம்! முதல் படத்தில் மூன்று பேர் கண் மூடியிருந்தது. இன்னொண்ணு. அடுத்ததில் ஒருத்தி குனிந்துவிட்டாள். இன்னொண்ணு. முகங்களில் களை இல்லை என்று, "எல்லாரும் சேர்ந்து அடிவயித்துலேருந்து 'லீவு'ன்னு கத்துங்க!" என்றார். நாற்பத்திரண்டு பேரும் கூரை அதிரக் கத்தினார்கள். நாலு தடவை. பின்வரிசையில் ஒருத்தன் இருமிக்கொண்டே இருந்தான். "இருமுறதா இருந்தா இப்பவே நல்லா இருமிடுப்பா, நான் கிளிக் பண்ணும்போது இருமாதே" என்றார். அவன் கடமையாக, நன்றாக இருமினான். அவன் நேர் முன்னால் மகள் நின்றிருந்தாள். இவர் மட்டும் பன்னிரண்டு அடி தள்ளி, தன் மாஸ்க்கைச் சரியாக மாட்டிக்கொண்டு நின்றார். பத்தொன்பதாவது படத்தில்தான் எல்லார் கண்ணும் திறந்திருந்தது. இருபத்தைந்து நிமிஷம் ஆகியிருந்தது.

நாலாம் நாள் காலை, மகளுக்கு டீயில் சர்க்கரை போட்டதே தெரியவில்லை. டம்ளரை வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். புத்திசாலிப் பெண். ஆனால் முந்தின நாள்வரை அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தது அவள்தானே. அந்த வாரம் வகுப்பில் பதினாறு பேர் படுத்தார்கள். எல்லாரும் பிழைத்து எழுந்துவிட்டார்கள். சின்ன வயசு, ஒண்ணும் வராது என்று சத்தியம் செய்தவர் சொன்னது பொய்யில்லை.

அம்மாவுக்கு ஆறாம் நாள் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். உள்ளே யாரையும் விடவில்லை. ஒரு நாள் நர்ஸம்மா போனைக் காதில் வைத்துக் கொடுத்தார். மூச்சுக்கு மூச்சு நின்று நின்று பேசினார் மனைவி.

"அவகிட்ட சொல்லுங்க... அவ மேல தப்பில்லன்னு... நினைச்சு நினைச்சு மருகுவா... சொல்லுவீங்கல்ல?"

"சொல்றேன்மா. நீ பேசாதே, மூச்சு வாங்குது."

படம் எடுத்த கதையே மனைவிக்குத் தெரியாது. மகள் சொல்லவில்லை. இவர் எங்கே சொல்லப் போகிறார்? பன்னிரண்டாம் நாள் போன் வந்தது. வேறு யாரோ பேசினார்கள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மனைவியின் அக்கா வந்தார். வந்தவர் உட்காரவில்லை. கையில் போன், போனில் அந்த குரூப் போட்டோ. பள்ளிக்கூடத்துக்காரர்கள் அனுப்பியதை யாரோ அவருக்கும் அனுப்பியிருக்கிறார்கள். நேரே மகளிடம் போனார்.

"இது நீதானே? மாஸ்க் எங்கடி? ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணினியே, உன் மாஸ்க் எங்க? படத்துல அழகா தெரியணும்னு கழட்டிப் போட்டியா? என் உடம்பை அறுத்துக் குடுத்தேன்டி அவ உயிரோட இருக்கணும்னு! ஒரு போட்டோவுக்காக கொன்னுட்டியேடி!"

மகள் பெரியம்மாவைப் பார்க்கவில்லை. சுவரோரம் நின்ற அப்பாவைப் பார்த்தாள். அழாமல், கோபப்படாமல், சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள். 'நான்தான் கழட்டச் சொன்னேன், அவ மாட்டேன்னுதான் சொன்னா.' ஒரே ஒரு வரி. அதைச் சொல்ல அந்த மனுஷனுக்கு நாக்கு எழவில்லை. மைத்துனி தன்னை என்ன சொல்வாரோ என்று பயம். அன்றைக்கு அவரைப் பிடித்து உலுக்க அந்த வீட்டில் ஆள் இல்லாமல் போய்விட்டது. பெரியம்மா அழுது ஓய்ந்து, செருப்பை மாட்டிக்கொண்டு போனார். மகள் அலமாரியைத் திறந்து, புது மாஸ்க் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவர் முன்னால் அதை அவள் கழற்றவே இல்லை. சமைப்பாள், பரிமாறுவாள், தன் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். "இப்பதான் எல்லாம் குறைஞ்சுபோச்சேம்மா, வீட்டுல எதுக்கு?" என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தார். "இருக்கட்டும்பா" என்றாள். பள்ளிக்கூடத்தில் ஒருவரும் போடுவதில்லை. அங்கேயும் அவள் ஒருத்திதான். பட்டப்பெயர் சொல்லி இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. பேச்சுத் துணைக்கும் யாரும் இல்லை. மனைவி சொல்லச் சொன்னதை இன்றைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று தள்ளிப்போட்டதில் எட்டு மாதம் ஓடிவிட்டது. உன் மேல் தப்பில்லை என்றால், பின்னே யார் மேல் என்ற கேள்வி அடுத்து வந்து நிற்குமே!

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் ஒரு காகிதம் இருந்தது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு விண்ணப்பம். "நாளைக்குக் கடைசி நாள்பா, கையெழுத்துப் போட்டு வைங்க" என்று மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. மூலையில் பாஸ்போர்ட் சைஸ் படம் ஒட்டியிருந்தது. முகம் முழுசாகத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் விண்ணப்பம் செல்லாது என்று பக்கத்திலேயே அச்சடித்திருந்தது.

அவர் எடுத்த படம் இல்லை அது. ஒரு பக்கம் நிழல் விழுந்திருந்தது. அவர் எடுத்திருந்தால் விளக்கைக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளியிருப்பார். வாசலிலேயே அப்பாவின் ஸ்டுடியோ இருக்க, அதைத் தாண்டி எங்கேயோ நடந்து போய், முன்பின் தெரியாத ஒருவன் முன்னால் உட்கார்ந்து மாஸ்க்கைக் கழற்றியிருக்கிறாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. உதட்டைக் கடித்துக்கடித்து ஓரத்தில் புண். இது எப்போது வந்தது என்று அவருக்குத் தெரியாது. பெற்ற மகளின் முகத்தை விண்ணப்பப் படிவத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி ஆகிவிட்டது.

காகிதத்தைப் பிடித்தபடியே கதவருகே போனார்.

"அம்மாடி... உன் மேல தப்பில்லம்மா. நான்தானே கழட்டச் சொன்னேன். நீ வேணாம்னுதான் சொன்னே. அம்மாகூட கடைசியா..."

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை.

"எனக்குத் தெரியும்பா. நான் அங்கதானே இருந்தேன். அதை என்கிட்ட ஏன் சொல்றீங்க? பெரியம்மாகிட்ட சொல்லுங்க."

மேசைக்குத் திரும்பிவந்து கையெழுத்துப் போட்டார். போனை எடுத்து மைத்துனியின் நம்பரைத் தேடிவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கதவுக்குப் பின்னால் அவள் கேட்டுக்கொண்டிருப்பாள் என்பதும் அவருக்குத் தெரியும். திரை அணைந்தது. மறுபடி தட்டி எழுப்பினார். மறுபடி அணைந்தது. அப்படியே சாயங்காலம் ஆயிற்று.

அவர் பேசவில்லை. பரீட்சை முடிந்து, ரிசல்ட் வந்து, விடுதியுள்ள பள்ளிக்கூடம் ஒன்றில் அவளே விசாரித்துச் சேர்ந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிற நாள்வரை பேசவில்லை.