அடுப்படி பல்பு மின்னாத நாள்

வேர்க்கடலை மடித்து வந்த காகிதத்தைக்கூடப் படித்துவிட்டுத்தான் கசக்கி எறிவேன். அப்படிப்பட்ட நான், செல்வி வீட்டு ஸ்மார்ட் லைட் ஆப்பில் வந்த அப்டேட் அறிவிப்பைப் படிக்காமலே 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்தினேன். இருபத்தாறு வருடமாக வயரிங் கான்ட்ராக்டர். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

செல்விக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கைக்குழந்தை அழுதால் பல்புகள் மின்ன வேண்டும். அதைப் பார்த்து அவள் ஓடுவாள். பொம்மிடியில் அவர்கள் வீட்டில் இதை அமைத்துக் கொடுத்தவன் நான். அழுகையைக் கேட்டு பல்புகளுக்கு உத்தரவு போடும் ஹப் ஒரு கம்பெனி. படுக்கையறை பல்பும் அதே கம்பெனி. அடுப்படிக்கு மட்டும், விலை குறைவென்று, வேறு கம்பெனி பல்பு. மூன்று மாதம் இரண்டும் ஒற்றுமையாக மின்னின.

நான் அப்டேட் போட்ட மறுநாள் காலை, அவள் கணவன் முருகேசன் போன் செய்தான்.

"அண்ணா, பாப்பா தொண்ட கட்ட அழுவுது, இவ முதுகக் காட்டிக்கிட்டு தோசை ஊத்திட்டு இருக்கறா. அடுப்படி பல்பு மின்னவே இல்லைங்க. லீவு முடிஞ்சுது, மூணு மணிக்கு எனக்கு ரயிலு. இவளத் தனியா வுட்டுட்டு எப்பிடிங்க போறது?"

ஓடினேன். ஆப்பில் அடுப்படி பல்பையே காணோம். ஹப் கம்பெனிக்குப் போன் போட்டேன்.

"புது அப்டேட்ல மத்த பிராண்ட் பல்ப் சப்போர்ட் ஆகாது சார். எங்க பல்ப் ஆர்டர் பண்ணுங்க, நாலு நாள்ல வந்துடும்."

"பழையபடி மாத்த முடியாதுங்களா?"

"முடியாது சார். நீங்க ஒப்புக்கிட்டிருக்கீங்க."

படுக்கையறை பல்பைக் கழற்றி அடுப்படியில் மாட்டலாம். அவள் தூங்கும்போது குழந்தை அழுதால்? கடைக்குப் போய், சத்தம் கேட்டால் தானே சுவிட்ச் போடும் சென்சார் போர்டு ஒன்றை எடுத்து வந்தேன். தொட்டிலருகே அதை வைத்து, அடுப்படி வரை சுவரோரமாக வயர் இழுத்து, சாதாரண பல்பு ஒன்றில் சேர்த்தேன். ஹப் இல்லை, ஆப் இல்லை.

"ரெண்டே கால் ஆச்சுங்கண்ணா" என்றான் முருகேசன், பையைத் தோளில் மாட்டியபடி.

சோதித்துப் பார்க்கக் குழந்தை அழ வேண்டும். அதுவோ என்னைப் பார்த்துச் சிரித்தது. முகத்தைக் கோணிக் காட்டினேன், இன்னும் சிரித்தது. வேறு வழியில்லாமல் பாடினேன். இரண்டாவது வரியில் வீறிட்டது. நான் வாயை மூடிய பிறகும் பல்பு மின்னிக்கொண்டே இருந்தது. அடுப்படியிலிருந்து செல்வி கரண்டியோடு ஓடி வந்தாள். முருகேசன் ரயிலுக்குக் கிளம்பினான்.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்குச் சொல்வேன்: ஒருவர் உயிரையே நம்பி ஒப்படைத்திருக்கும் விளக்கை, எங்கோ உள்ள கம்பெனி சம்மதித்தால்தான் எரியும் என்று மாட்டிவிட்டு வராதீர்கள்.

சாயங்காலம் செல்வியிடமிருந்து மெசேஜ் வந்தது:

"லைட்டு நல்லா மின்னுதுங்கண்ணா. நீங்க பாடுனதுலதான் பாப்பா அழுதுச்சுன்னு அவரு ரயில்ல இருந்து மெசேஜ் போட்டாரு. காது கேக்காததுல இப்பிடியும் ஒரு சௌகரியம் இருக்குதுங்க."