செட்டில்மெண்ட்

தஞ்சாவூரில் ஒரு நூற்பாலையில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். யார் வந்தார்கள், யார் லீவு, யாருக்கு எந்த ஷிஃப்ட் என்று அட்டையைப் பார்த்து எழுதுகிற வேலை. எங்கள் அறைக்குள்ளேயே தட்டி வைத்து அடைத்த சின்ன அறை ஒன்று உண்டு. அதில் பெர்சனல் ஆபீசர் உட்கார்ந்திருப்பார். வேலைக்கு ஆள் எடுப்பது, தகராறு வந்தால் பேசித் தீர்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. இப்போது அதற்கு எச்.ஆர். என்று அழகாகப் பெயர் வைத்துவிட்டார்கள். அவர் ஓய்வு பெறப்போகிறார் என்று தெரிந்ததும் அந்த நாற்காலி மேல் எனக்கு ஆசை வந்தது. ஆசை என்ன ஆசை, வெறி.

மேனேஜரிடம் போய் நேராகவே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, அதுவே பெரிய விஷயம். "பெர்சனல் மேனேஜ்மெண்ட் டிப்ளமோ இருக்கணும்மா. இந்தத் தடவையே எல்லாத் தாளும் பாஸ் பண்ணிட்டு வா, நாற்காலி உனக்கு. ஒண்ணு போனாலும் மெட்ராஸ்லேருந்து ஆள் வந்துடுவார்" என்றார்.

சாயங்கால வகுப்பில் சேர்ந்தேன். வகுப்பு முடிந்து கடைசி பஸ்ஸைப் பிடித்து வலங்கைமான் பக்கம் எங்கள் ஊருக்கு வந்து சேர வேண்டும். எங்கள் தெருவில் எல்லோருமே பண்ணையில் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள். அப்பா இல்லை. அம்மா களை பறித்து, கதிர் அறுத்து, என்னை சர்க்கார் ஹாஸ்டலில் விட்டு பி.ஏ. வரை படிக்க வைத்தாள். அவளுக்கு வாய் நீளம். எனக்கும் அதேதான்.

மற்ற தாள்களைப் பற்றிப் பயமில்லை. தொழிலாளர் சட்டத்துக்குத்தான் பயம். அதற்கு வகுப்பெடுத்தவர் தஞ்சாவூரில் வக்கீல். எங்கள் ஊர்ப் பண்ணையாரின் இளைய மகன். தெருவில் அவரைச் சின்னப் பண்ணை என்பார்கள். நூலகத்தில் புத்தகம் இல்லை, வாங்க எனக்கு வசதியில்லை என்று தெரிந்து தன்னுடையதையே கொடுத்தார். முதல் பக்கத்தில் அவருடைய வீட்டு முத்திரை நீலமாக இருந்தது. அதை நான் பெரிதாக நினைக்கவில்லை. படிக்கப் புத்தகம் கிடைத்ததே என்றிருந்தது.

எனக்குச் சத்தம் போட்டுப் படித்தால்தான் மண்டையில் ஏறும். வாய்க்கால் கரையில் நடந்துகொண்டே, "செட்டில்மெண்ட் என்றால் என்ன? இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்ட செட்டில்மெண்ட் எல்லாரையும் கட்டுப்படுத்தும்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பேன். தொழிலாளியும் முதலாளியும் பேசி முடித்து எழுதிக்கொள்வதற்குச் சட்டத்தில் அதுதான் பெயர். பக்கத்து வயலில் களை பறித்த பெண்கள் நிமிர்ந்து பார்த்ததை நான் கவனித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏனென்றால் எங்கள் தெருவில் செட்டில்மெண்ட் என்றால் வேறு. அது பத்திரம். இருக்கிற இடத்தை இன்னொருவர் பெயருக்கு எழுதிக் கொடுப்பது. பண்ணை நிலத்தில் குடியிருக்கிற மனை குடியிருப்பவனுக்கே சொந்தம் என்று அப்போது சட்டம் வந்திருந்தது. எங்கள் தெருவும் பட்டா கேட்டு மனுக் கொடுத்திருந்தது. பண்ணைக் காரியஸ்தர் வீடு வீடாகப் போய், "இந்த மனை எங்களுக்கு வேண்டாம்" என்று கைநாட்டு வாங்கப் பார்த்தார். அடுத்த தெருவில் ஒருவர் ஏதோ கடன் பத்திரம் என்று நினைத்து விரலை வைத்துவிட்டார். மறு வாரம் அவர் குடிசையைப் பிரித்துப் போட்டார்கள். அதிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டாலே தெரு கொதிக்கும். போதாக்குறைக்கு அறுப்புக் கூலித் தகராறு வேறு. சம்பா முற்றி வயலில் நிற்கிறது, யாரும் அரிவாளை எடுக்கவில்லை. வெளியூர் ஆளை இறக்கப் போகிறார்கள் என்று பேச்சு.

சட்டத் தாளுக்கு முதல் நாள் சாயங்காலம் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. விவசாயக் கூலிச் சங்கத்தின் செயலாளர் முன்னால் நின்றார். நான் அண்ணே என்று கூப்பிடுகிறவர்.

"தங்கச்சி, மறைக்காம சொல்லு. சின்னப் பண்ணை குடுத்த புத்தகம்தானே அது?"

"ஆமாண்ணே. பரீட்சைக்கு."

"அதுல செட்டில்மெண்ட் எழுதறது எப்படின்னு இருக்காமே?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. "அண்ணே, அது வேற செட்டில்மெண்ட். கூலி பேசி முடிக்கிறது. மனைக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது" என்றேன். யாரும் நம்பவில்லை. புத்தகத்தைப் பிரித்தார்கள், முதல் பக்கத்திலேயே பண்ணை முத்திரை. அதற்குமேல் நான் தலைகீழாக நின்றாலும் நடக்காது. "படிக்க வச்சதுக்கு நல்லாத்தான் செய்யிற" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யாரு சொன்னது, முன்னாடி வந்து சொல்லுங்க!" என்று கத்தினேன்.

அம்மா எனக்காகப் பேசுவாள் என்று பார்த்தேன். அவள் புத்தகத்தை வாங்கி அண்ணனிடம் கொடுத்தாள். "விவரம் தெரிஞ்சவங்ககிட்ட காட்டுங்க. தப்பு இல்லேன்னா திருப்பிக் குடுங்க."

"விடிஞ்சா பரீட்சைம்மா!"

"மனை போச்சுன்னா எங்கடி படுத்துக்கிட்டுப் படிப்ப?" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை, அவளிடம் பேசவும் இல்லை.

காலையில் அம்மாவும் தெருவில் எல்லோரும் வலங்கைமான் தாலுகா ஆபீஸுக்குப் போய்விட்டார்கள். அங்கே தாசில்தார் முன்னால் கூலிப் பேச்சுவார்த்தை, ஏழு மணிக்கே வரச் சொல்லியிருந்தார். எனக்கும் வலங்கைமானில்தான் தஞ்சாவூர் பஸ் மாற வேண்டும். பஸ்ஸில் ஒரு பார்வை பார்த்துக்கொண்டே போகலாம் என்று புத்தகத்தை வாங்க ஓடினேன். பரீட்சை பத்து மணிக்கு. அரைமணி தாமதமானால் உள்ளே விடமாட்டார்கள். பஸ் வர இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது.

உள்ளே ஒரே கூச்சல். மேஜைக்கு அந்தப் பக்கம் தாசில்தார், அவர் பக்கத்தில் சின்னப் பண்ணை. இந்தப் பக்கம் எங்கள் தெரு. கூலி படிந்துவிட்டது, கேட்டதில் முக்கால்வாசி கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். ஆனால் டைப் அடித்த காகிதத்தின் தலைப்பை தாசில்தார் இங்கிலீஷில் படித்திருக்கிறார், அதில் செட்டில்மெண்ட் என்று வந்திருக்கிறது. அவ்வளவுதான். ஒரு விரல்கூட மை தொடவில்லை.

என்னைப் பார்த்ததும் அண்ணன் கையைப் பிடித்தார். "வா தங்கச்சி. ரெண்டும் வேற வேறன்னு சொன்னியே, இதைப் படிச்சுட்டுச் சொல்லு. நீ சரின்னா வைக்கிறோம்."

நான் வாயைத் திறப்பதற்குள் சின்னப் பண்ணை குறுக்கிட்டார். "இன்னைக்கு உனக்கு லா பேப்பர் இல்லையா? நேரத்தோட கிளம்பு. வெளியில கார் நிக்குது, டிரைவர் கொண்டுபோய் விட்டுடுவான். இது சாதாரண கூலி ஒப்பந்தம்தான், நான் டிராஃப்ட் பண்ணினது."

கார்! பரீட்சை ஹால் வாசலிலேயே இறங்கலாம். உண்மையைச் சொன்னால், கால் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டது. 'சரிதான், வையுங்க' என்ற வார்த்தையும் தொண்டைவரை வந்துவிட்டது. கூலிக் காகிதம்தானே, நான்தான் நேற்றே சொன்னேனே. ஆனால் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை எடுக்கவில்லை. காகிதத்தை இழுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனேன்.

முதல் பக்கம் முழுக்கக் கூலி. எல்லாம் சரியாக இருந்தது. வெளியே பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது. இரண்டாம் பக்கமும் சரி. கடைசி வரிக்கு வந்தேன். இரு தரப்புக்கும் இடையே உள்ள மற்ற எல்லாக் கோரிக்கைகளும் இத்துடன் முழுமையாகத் தீர்ந்தன, இனி எழுப்ப முடியாது என்று இருந்தது.

மில் செட்டில்மெண்டுகளில் வழக்கமாக வருகிற வரிதான். வகுப்பில் சின்னப் பண்ணையே பலகையில் எழுதிப் போட்டு, முதலாளி பக்கம் இருப்பவர்கள் இதை மறக்கவே கூடாது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். மில்லில் என்றால் போனஸ், பேட்டா. இங்கே மற்ற எல்லாக் கோரிக்கையும் என்றால் என்ன? மனை பட்டா கேட்டு எங்கள் தெரு கொடுத்த மனு. அதுவும் ஒரு கோரிக்கைதானே! பஸ் ஹாரன் அடித்தது. காகிதத்தோடு மேஜைக்குத் திரும்பினேன்.

"யாரும் விரல் வைக்காதீங்க" என்றேன். என் குரலா அது என்று எனக்கே தெரியவில்லை. "இந்தக் கடைசி வரி இருக்கறவரைக்கும் வைக்காதீங்க. இதுல மனையும் போகும்."

சின்னப் பண்ணை எழுந்துவிட்டார். "அது ஃபார்முலா. எல்லா ஒப்பந்தத்துலயும் வர்றது."

"ஃபார்முலான்னா எடுத்துடுங்க சார். உங்களுக்கென்ன நஷ்டம்?"

தாசில்தார் காகிதத்தை வாங்கிப் படித்தார், சின்னப் பண்ணையைப் பார்த்தார், மறுபடி படித்தார். வரியை அடித்துவிடலாம், கூடாது, வேறு மாதிரி எழுதலாம், முடியாது என்று பேச்சு இழுத்துக்கொண்டே போனது. நான் போயிருக்கலாம். போனால் அந்த வரியை வேறு வேஷத்தில் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள் என்று பயம். பஸ் கிளம்பிப் போன சத்தம் காதில் விழுந்தது. கடைசியில் அந்த வரியைக் குறுக்காக அடித்து, பக்கத்தில் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டன. அம்மா முதல் ஆளாக விரலை வைத்தாள். காரைப் பற்றி அதன்பிறகு யாரும் பேசவில்லை.

அடுத்த பஸ் ஊர் ஊராக நின்று போயிற்று. அய்யம்பேட்டையில் கண்டக்டர் டீ குடிக்க இறங்கியபோது அவரோடு சண்டைக்கே போய்விட்டேன். தஞ்சாவூரில் இறங்கி ஓடி, மூச்சு வாங்க ஹால் வாசலில் நின்றபோது கதவைச் சாத்திவிட்டார்கள். கெஞ்சினேன். நான் யாரிடமும் கெஞ்சியது கிடையாது, அன்று கெஞ்சினேன். கண்காணிப்பாளர் நல்லவர்தான். "ரூல்ஸ்ம்மா, நான் என்ன செய்ய?" என்றார். கண்ணாடி வழியாகப் பார்த்தால் எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். என் இடம் மட்டும் காலியாக இருந்தது.

திரும்பி வரும்போது வயலில் அறுப்பு தொடங்கியிருந்தது. தெருவில் சந்தோஷம். அம்மா அரிவாளோடு கரையேறி ஓடிவந்தாள்.

"எப்படிடி எழுதுன?"

வழியெல்லாம் அவளைத் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டுதான் வந்தேன். "எழுதவே விடலை" என்பது மட்டும்தான் வந்தது.

"அப்ப அந்த வேலை?"

"மெட்ராஸ்காரனுக்கு."

அரிவாளைக் கீழே போட்டுவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க மனைக்கு உன் வேலையை எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கியேடி" என்றாள்.