எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்ட்

எனக்கு மறதி வந்துவிட்டதால் பாஸ்வேர்ட் மேனேஜர் தேடுகிறேன் என்று எங்கள் குடும்பக் குழுவில் எழுதியிருக்கிறார்கள். தவறு. என் கணவர் மௌத்தாகிவிட்டார்; உயிரோடு இருந்தபோது எனக்கு எழுதியதெல்லாம் ஈமெயிலில் இருக்கிறது. போன், டேப்லெட், கணினி மூன்றிலும் அதைப் பாதுகாக்கத்தான் தேடுகிறேன்.

இன்று, அந்த ஈமெயில் கணக்கைத் திறந்து தந்த கல்முனை போன் கடைக்கே போனேன்.

"இந்த மேனேஜரப் போடுங்க உம்மா. ஒருத்தனுக்கும் உள்ளுக்குப் போகேலா," என்றார் கடைக்காரர். சொல்லிக்கொண்டே என் போனை வாங்கி, என்னைக் கேட்காமல் என் ஈமெயில் பாஸ்வேர்டை அடித்தார்.

"அது உங்களுக்கு எப்பிடித் தெரியும் மகன்?"

"நம்மட கடையில மெயில் தொறந்த எல்லாருக்கும் நான் போடுறது அதுதானே!"

வரிசையில் நின்ற மூவர் தங்கள் போனைப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மாற்றிவிட்டேன். மூன்றிலும் ஒழுங்காக வேலை செய்யும் பாஸ்வேர்ட் மேனேஜர் எது? அந்தக் கடையில் மெயில் திறந்தவர்கள் முதலில் உங்கள் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பிறகு கீழே பதில் எழுதுங்கள்.