குழிக்குள் ஒரு எலுமிச்சம்பழம்

அறுபதுகளின் நடுவில், பச்சைமலை அடிவாரத்தில் நூறு அடி ஆழத்துக்கு ஒரு துளை போட்டோம். ஆறு அங்குல அகலம், முழுக்கப் பாறை. நில அதிர்வைப் பதிவு செய்யும் கருவியை அதன் அடியில் இறக்கி உட்காரவைக்க வேண்டும். மேலே காற்றடிப்பதும் ஆள் நடப்பதும் அங்கே அவ்வளவாகத் தெரியாது, பூமி பேசுவது கேட்கும் என்றார் எங்கள் அதிகாரி. நான் அவருடைய உதவியாளன். பௌதிகத்தில் பட்டம் வாங்கிய திமிர் அப்போது எனக்குக் கொஞ்சம் அதிகம்.

துளை போட்டவர் வையம்பட்டிக்காரர், கிணற்று வேலையில் பேரெடுத்த மேஸ்திரி. கருவி இறங்க வேண்டிய நாள் காலையில் துளை வாயில் சூடம் கொளுத்தி, எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிட்டார். "பூமிக்கு லஞ்சமா மேஸ்திரி?" என்று கேலி செய்தேன். அதிகாரியும் முகம் சுளிக்கவே, மனிதர் பழத்தை எடுத்து ஓரமாக ஒரு கல்லின்மேல் வைத்துவிட்டார்.

எல்லோரும் டீ குடிக்கப் போன நேரத்தில் எனக்கு உதறல் எடுத்தது. கருவி ஒன்றே ஒன்றுதான், இறக்கப்போகிறவன் நான். ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவனுக்குப் பட்டம் எவ்வளவு தூரம் துணைக்கு வரும்? பெருமாளே என்று அந்தப் பழத்தை எடுத்துத் துளைக்குள் போட்டுவிட்டேன்.

கருவி இறங்கியது. ஆனால் மேலே இருந்த மீட்டரின் முள் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டு நின்றது. கருவி சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். மூன்று தரம் ஏற்றி இறக்கினோம், அதே கதை. துளையே கோணல் என்று அதிகாரி முடிவு கட்டினார். கோணல் குழி போட்டவர் என்று பெயர் வந்துவிட்டால் ஜில்லாவில் அப்புறம் யாரும் மேஸ்திரியை வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். அவர் கருவியை மேலே எடுக்கச் சொன்னார். தன் தகரப் பெட்டியிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துவந்து, உச்சி வெயிலைப் பிடித்துத் துளைக்குள் திருப்பினார்.

குனிந்து பார்த்தேன். நூறு அடிக்குக் கீழே, உலகம் உண்டான நாளிலிருந்து வெளிச்சமே படாத பாறையில் வெயில் விழுந்திருந்தது. அந்த வெளிச்சத்தின் நடுவில் ஒரு மஞ்சள் பொட்டு. நசுங்கிய எலுமிச்சம்பழம்.

மேஸ்திரி என்னை ஒரு பார்வை பார்த்தார். கல்லின்மேல் பழம் இல்லாததை முன்பே கவனித்திருக்க வேண்டும்.

"பழம் என்னோடதுதாங்க" என்றார் அதிகாரியிடம். "வெளிச்சம் அடி வரைக்கும் போகுது பாருங்க. குழி நேராத்தான் இருக்கு."

அதிகாரி பழத்துக்காக அவரைத் திட்டித் தீர்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

துளையைச் சுத்தம் செய்து மறுபடி இறக்கினோம். இந்த முறை முள் நடுவில் நின்றது. காகிதச் சுருளை ஓடவிட்டு எல்லோரும் ஆடாமல் அசையாமல் நின்றோம். அதிர்வைக் கோடாக வரையும் பேனா மட்டும் சும்மா இருக்கவில்லை. தூங்குகிறவர் மூச்சைப்போல மெல்ல மெல்ல அசைந்துகொண்டே இருந்தது. அது கடல் அலை என்றார் அதிகாரி, குரலைத் தாழ்த்தி. அலையின் அதிர்வு பாறை வழியாகவே இங்கே வந்துகொண்டிருக்கிறதாம். நான் படித்து மார்க் வாங்கிய விஷயம்தான். கண்ணெதிரே பார்த்தது அன்றைக்குத்தான்.

மேஸ்திரி தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "நான் கடலைப் பார்த்ததே இல்லீங்க" என்றார்.

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. சுருளின் ஓரத்தில் குறிப்பு எழுதுவது என் வேலை. 'துளை நேராக இருக்கிறது. பழம் போட்டது நான்' என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்திட்டு அதிகாரியிடம் நீட்டினேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கீழே தானும் கையெழுத்துப் போட்டார்.

மேஸ்திரிக்கு எழுத்துத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். படித்துக் காட்டினேன்.

"அந்த முதல் வரிய இன்னொரு தடவை படிங்க தம்பி" என்றார்.