பட்டனுக்குப் பல் தேய்க்கும் அக்கா

நான் வேலை பார்க்கும் கடையில் கார் சீட்டுகளுக்கு உறை தைக்கிறோம். முதலாளி வெட்டுவார், அவர் மனைவி தைப்பார், நான் பிசிறு நறுக்கிப் பஞ்சு திணித்துக் கொடுப்பேன். முதலாளியின் மனைவியை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

அக்காவுக்கு நாய் என்றால் பாதி உயிர் போய்விடும். பக்கத்துக் கடை வாசலில் ஒன்று படுத்திருந்தால், அது எழுந்து போகும்வரை தண்ணீர் பிடிக்கக்கூடப் போகமாட்டார். அப்படிப்பட்டவரின் கடைக்கு, வேறு ஊருக்குக் குடிபோகவிருந்த வாடிக்கையாளர் ஒருவர், வைத்து வளர்க்கச் சொல்லித் தன் பொமரேனியன் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். முதலாளியும் வாங்கிக்கொண்டார். முயல்குட்டி அளவு இருக்கும். பெயர் பட்டன்.

"ஒரு கைக்குள்ள அடங்கிடும் போல. இதுக்குப் போயா பயப்படுற?" என்றார் முதலாளி.

"பல்லு இருக்குல்ல?" என்றார் அக்கா.

பழைய சீட்டிலிருந்து உரித்த தோல் துண்டுகளை முதலாளி பட்டனுக்குக் கடிக்கப் போடுவார். கடிக்கக் கடிக்கப் பல் சுத்தமாகும் என்பது அவர் நினைப்பு. நாள் முழுக்க அது மென்றுகொண்டே கிடக்கும். வாய் நாறுகிறதே என்று நான் மெல்லச் சொன்னபோது, "நாய் வாய் பின்ன சென்ட்டு மாதிரியா மணக்கும்?" என்று சிரித்தார்.

அது ஒரு பக்கமாகவே மெல்லுகிறது என்று முதலில் சொன்னது அக்காதான். பயப்படுகிறவர்கள் கண்ணை எடுக்கமாட்டார்கள். மெஷினை மிதித்தபடியே அவர் அதன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அடுத்த சில நாட்களில் பட்டன் சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போக ஆரம்பித்தது.

மூன்று பேரும் மருத்துவமனைக்குப் போனோம். நான் பட்டனைப் பிடித்துக்கொண்டேன். டாக்டரம்மா உதட்டைத் தூக்கி, இடுக்கியால் எதையோ பற்றி மெதுவாக இழுத்தார். கடைவாய்ப் பல்லைச் சுற்றி ஈறுக்குள் இறங்கியிருந்த கறுப்பு நூல் வந்தது.

"என்ன நூல் இது?"

"சீட்டுத் தைக்கிற நூலுங்க. அறுந்தே போகாது" என்றார் முதலாளி. வாடிக்கையாளர்களிடம் மார்தட்டிச் சொல்கிற அதே வார்த்தை. அன்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

நூல் மட்டுமல்ல பிரச்சினை. பெரிய நாய்க்கு எத்தனை பல்லோ அத்தனையும் இந்தச் சின்ன வாயிலும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்குமாம். விழாத பால்பல்லும் கூடவே நிற்க, இடுக்கெல்லாம் அழுக்கு சேர்ந்து ஈறு புண்ணாகியிருந்தது. எக்ஸ்ரேயைக் காட்டி டாக்டரம்மா சொன்னார்: "கீழ்த்தாடை எலும்பு எவ்வளவு மெலிஞ்சிருக்கு பாருங்க. மயக்கம் குடுத்து சுத்தம் பண்ணிட்டு, கெட்ட பல்லை எடுத்துடலாம். ஆனா அப்புறம் தினமும் தேய்க்கணும். இல்லேன்னா மிச்ச பல்லும் போயிடும். எலும்பு இன்னும் மெலிஞ்சா, நாற்காலியிலேர்ந்து குதிச்சாலே தாடை உடைஞ்சிடும்."

செலவைக் கேட்டதும் முதலாளிக்கு வியர்த்துவிட்டது. "இந்தக் காசுக்கு ரெண்டு நாய் வாங்கலாமே டாக்டர்!"

"வாங்கி? அதுங்களுக்கும் நூலைப் போடவா?" என்றார் அக்கா. "நீங்க பண்ணிடுங்க டாக்டரம்மா."

அந்தச் செலவுக்காக அக்கா கூடுதலாக ஸ்கூட்டர் சீட் தைத்தார். அதைவிடப் பெரிய பாடு தேய்ப்பதுதான். முதலாளியின் விரல் அந்த வாய்க்குள் நுழையாது. ஊசி போடும்போது பிடித்தவள் நான் என்பதால், என்னைக் கண்டாலே பட்டன் மெஷினுக்கு அடியில் ஒளிந்துகொண்டது. மிச்சம் அக்கா.

"உன்னால முடியாது, விடு" என்றார் முதலாளி.

"முடியாதுன்னு எப்பங்க சொன்னேன்? பயமா இருக்குன்னுதானே சொன்னேன்."

அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். பட்டனைத் தன் மடியில், முதுகு தன் பக்கம் இருக்கும்படி உட்காரவைத்தார். அப்போது பல் கண்ணுக்குத் தெரியாது. உறைக்குள் கைவிட்டு மடிப்பைத் தடவிப் பார்ப்பதுபோலத் தடவியே வேலை செய்யலாம். முதலில் உதட்டுக்கு வெளியே தடவினார். பிறகு விரலில் துணி சுற்றி உள்ளே விட்டார். நாய்க்கென்றே விற்கும் பேஸ்ட்டும் சின்ன பிரஷும் கடைசியாகத்தான் வந்தன. தேய்க்கும் நேரம் முழுக்க ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார். அது பட்டனுக்கா, தனக்கேவா என்று எனக்குத் தெரியாது.

ஒருநாள் பட்டன் அவர் விரலைக் கவ்விவிட்டது. அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டார், ஆனால் விரலை வெடுக்கென்று இழுக்கவில்லை. இழுத்தால் தாடை என்ன ஆகுமோ என்று நினைத்திருப்பார். "விடுடா ராசா... விட்டுடுடா..." என்று கெஞ்சினார். அது விட்டது. எழுந்து போய்க் கையை நன்றாகக் கழுவினார், தண்ணீர் குடித்தார். டம்ளர் பல்லில் இடித்த சத்தம் எனக்குக் கேட்டது. திரும்பி வந்து உட்கார்ந்து, "இந்தப் பக்கம் இன்னும் பாக்கி இருக்கு" என்றார்.

மறுபரிசோதனைக்கு மறுபடியும் மூவரும் போனோம். டாக்டரம்மா ஈறைப் பார்த்தார், புது எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எலும்பு மேற்கொண்டு மெலியல. நல்லா இருக்கு. யார் தேய்க்கிறது?"

"நாங்கதான்" என்றார் முதலாளி.

அக்கா திரும்பிப் பார்த்தார்.

"இவதான் தேய்க்கிறா டாக்டர். நான் பக்கத்துல நின்னு பயப்படுவேன்."

முன்பல் ஒன்று மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிடலாம் என்று டாக்டரம்மா மயக்க ஊசியைத் தயார் செய்தார். நான் வழக்கம்போல் பிடிக்கப் போனேன்.

"நீ இரு. நான் பிடிச்சுக்கிறேன்" என்றார் அக்கா.

பட்டனின் முகம் அவரைப் பார்த்து இருக்கும்படிதான் பிடிக்க முடிந்தது. அதன் தலையை அணைத்து, முகத்துக்கு வெகு அருகே வைத்துக்கொண்டார். கண்ணை மூடவில்லை.