தபாலில் போன புரோகிராம்

பழுப்பு நிறக் கவர் ஒன்று. உள்ளே கணக்கு நோட்டிலிருந்து கிழித்த நான்கு தாள்கள். வரிக்கு எண்பது கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒன்றாக ஆங்கிலப் பெரிய எழுத்துகள். மேல் மூலையில் மட்டும் தமிழில் எழுதியிருந்தது: "தம்பி, ஒரு எழுத்துக்கூட மாத்தாம கார்டுல அடி. தப்பா இருந்தாலும் மாத்தாத. தப்பு என்னோடதாவே இருக்கட்டும்." சென்னையில் கல்லூரி விடுதியில் அதைப் பிரித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கம்ப்யூட்டரைப் படத்தில்கூடப் பார்த்திராத என் அக்கா, அரிமளத்தில் உட்கார்ந்துகொண்டு அதற்குப் புரோகிராம் எழுதியிருந்தாள்.

அறுபதுகளின் பின்பாதி அது. அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். கணக்கில் என்னைவிடக் கெட்டி. எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும், பிள்ளைகளில் ஒருவரைத்தான் காலேஜுக்கு அனுப்ப முடியும் என்றார் அப்பா. அந்த ஒருவர் யார் என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை; எனக்கும் வரவில்லை. அக்கா பரீட்சை எழுதி, புதுக்கோட்டையில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தாள். தினமும் அரிமளத்திலிருந்து பஸ்ஸில் போய்வருவாள். வெளியூருக்குப் பேசுகிறவர்களுக்கு ட்ரங்க் லைன் போட்டுக் கொடுப்பது அவள் வேலை. திருச்சிக்கு இருந்தவை இரண்டே லைன்கள். சாவுச் செய்தி சொல்ல வந்தவரையும் அரிசி விலை கேட்க வந்தவரையும் ஒரே குரலில் "லைன் கெடைக்கலைங்க, கொஞ்சம் இருங்க" என்று நிறுத்திவைக்க வேண்டியிருந்தது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. மூன்றாவதாக ஒரு லைன் இருந்தால் இவர்கள் எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள் என்று என்னிடம் கேட்பாள். அதை எப்படிச் சொல்ல முடியும் என்பேன் நான்.

பொறியியல் கடைசி வருடத்தில் எங்களுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு வைத்தார்கள். பொங்கல் விடுமுறைக்கு வந்தபோது அதன் உருட்டச்சுக் குறிப்புகளைக் கொண்டுவந்திருந்தேன். இரண்டே நாளில் அக்கா அதை முழுக்கப் படித்துவிட்டுச் சந்தேகம் கேட்க வந்தாள். "இதெல்லாம் கிளாஸ்ல ஒக்காந்து கேட்டாத்தான் புரியும்க்கா" என்றேன். "ஒக்காந்தவன் நீதானடா. இந்த வரிக்கு அர்த்தம் சொல்லு" என்று ஒரு வரியில் விரலை வைத்தாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. குறிப்புகளை அவளிடமே விட்டுவிட்டுச் சென்னைக்குப் போனேன். அடுத்த மாதம் அந்தக் கவர் வந்தது.

அட்டைக் கார்டில் ஓட்டைகளாக அடித்துக் கொடுத்தால்தான் எந்திரம் படிக்கும். எங்களுக்கு வாரத்துக்கு ஒரு தடவைதான் அதில் முறை. என் கார்டுகளுக்குப் பின்னால் அவளுடைய கார்டுகளையும் என் பதிவு எண்ணிலேயே செருகிக் கொடுத்தேன். வந்த காகிதத்தில் வரிசையாகப் பூஜ்ஜியம். அப்படியே அனுப்பிவைத்தேன். "நான் கையால போட்டா காத்திருக்குற நேரம் நாலரை நிமிஷம் வருது. மிஷினுக்குப் பூஜ்ஜியம் வருதுன்னா, நான் அதுக்குச் சொன்னதுதான் தப்பு" என்று பதில் எழுதினாள். அதன்பின் பதினாறு நாள் கடிதமே இல்லை. பிறகு ஒரு தபால் கார்டு வந்தது. முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் அந்த எந்திரம் மிச்சத்தைத் தூக்கியெறிந்துவிடுகிறது, அதன் கணக்கில் ஒன்றில் பாதி என்பது பூஜ்ஜியம்தான் என்று கண்டுபிடித்திருந்தாள். பஸ்ஸில், சாப்பாட்டு வேளையில், வேலை இல்லாத நிமிடங்களில், ஒவ்வொரு வரியாகத் தானே எந்திரமாகி நடந்து பார்த்திருக்கிறாள். "அட, அதை மொத வாரமே வாத்தியார் சொன்னாரே" என்று பெருமையோடு எழுதிப் போட்டேன். திரும்பி வந்த கடிதத்தில் ஒரே வரி: "அப்ப, பூஜ்ஜியத்தைப் பாத்ததுமே ஒனக்கு ஏன் தெரியல?"

பூஜ்ஜியம் தீர்ந்ததும் பெரிய வேலையைத் தொடங்கினாள். அழைப்பு எந்த நிமிடம் வரும் என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே அதைக் குலுக்கல்போல எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தாள். எண் எழுதிய துண்டுச் சீட்டுகளைச் சொம்பில் போட்டுக் குலுக்கி, ஒவ்வொன்றாக எடுத்துக் குறித்து, மறுபடி போட்டுக் குலுக்கி, ஒரு மாதம் உட்கார்ந்து எண்களைச் சேர்த்தாள். அவற்றை நான் கார்டில் அடித்து ஓட்டினேன். இரண்டு லைன் இருந்தால் சராசரிக் காத்திருப்பு இவ்வளவு, மூன்று இருந்தால் இவ்வளவு என்று சுத்தமாக விடை வந்தது. மூன்றாவது லைன் இருந்தால் காத்திருக்கும் நேரம் கால்வாசியாகிவிடும்.

அந்தக் காகிதத்தை ஆசிரியர் பார்த்துவிட்டார். என் எண் போட்டிருந்ததால் என்னுடையது என்றே நினைத்தார். வகுப்பில் எழுப்பி நிறுத்தி, "இதுதான் சொந்தமா யோசிக்கிறது" என்றார். நாற்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். இல்லை சார் என்று சொல்ல வாய் திறந்தேன். "தேங்க் யூ சார்" என்றுதான் வந்தது. அதையே என் புராஜெக்டாகவும் எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தேன். புதுக்கோட்டைக்குப் போய், பஸ் ஸ்டாண்டில் அவளுக்காகக் காத்திருந்து, அங்கேயே சொல்லிவிட்டேன். அரிமளம் பஸ் வந்து நின்று, எங்களை விட்டுவிட்டே கிளம்பிப் போனது.

"அந்த சாரை நான் பாக்கணும்" என்றாள்.

"சண்டை போடப் போறியாக்கா?"

"சண்டை எதுக்கு? எனக்குக் கேக்க நெறைய இருக்கு. நீ முன்னாடி போயி உண்மையைச் சொல்லிரு. நான் லீவு போட்டுட்டு வாரேன்."

உண்மையைச் சொன்னேன். ஆசிரியர் கத்தவில்லை. என் மதிப்பெண்ணை அடித்துவிட்டு, வேறு புராஜெக்ட் செய் என்றார். மறுவாரம் அக்கா அவர் அறையில், மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் யாரோ ஒரு மாணவனின் ஓடாத புரோகிராமை நீட்டினார். பென்சில் கேட்டாள். கால் மணி நேரத்தில் ஒரு வரியைச் சுழித்துத் திருப்பிக் கொடுத்தாள். அவர் சிரித்தார். "நீங்க செஞ்சதுக்குன்னு ஒரு பாடமே இருக்கும்மா, தெரியுமா?" என்று அலமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துத் திறந்து காட்டினார்.

அரைப் பக்கம். அவள் சொம்பில் குலுக்கி எடுத்த எண்களை எந்திரமே உண்டாக்கிக்கொள்ளும் வழி, நான்கு வரியில் இருந்தது. அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். முகம் சிவந்துவிட்டது.

"ஒரு மாசம் சார்" என்றாள். "ஒரு மாசம் சீட்டுக் குலுக்குனேன். அது இங்க நாலு வரியில கெடக்கு."

"வருத்தப்படாதீங்கம்மா. தானா கண்டுபிடிச்சது பெரிய விஷயம்."

"வருத்தமில்ல சார், கோவம். தானா கண்டுபிடிச்சேன்னு எல்லாரும் மெச்சுவாங்க. இந்தப் புத்தகம் கெடைச்சிருந்தா அந்த ஒரு மாசத்துல நான் இதுக்கு அங்கிட்டு போயிருப்பேன்."

கல்லூரியில் படிக்காதவரை எந்திர அறைக்குள் விட விதி இல்லை என்று ஆசிரியர் தயங்கிச் சொன்னார். புத்தகத்தை இரண்டு நாள் கொடுத்தார். விருந்தினர் அறையில் உட்கார்ந்து வேண்டிய பக்கங்களை எல்லாம் கையால் எழுதி எடுத்துக்கொண்டு அக்கா ஊர் திரும்பினாள்.

ஆறே மாதத்தில், சென்னையில் ஒரு கம்பெனியில் கார்டு அடிக்கும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஆசிரியர் அவளுக்கு எழுதினார். புரோகிராமர் வேலை இல்லை, சம்பளமும் குறைச்சல். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "கவர்மெண்டு வேலையை விட்டுட்டு அட்டையில ஓட்டை போடுற வேலைக்கா போற ஆத்தா?" என்றார். அக்கா டிரங்குப் பெட்டியை மூடிக்கொண்டே, "ஓட்டை போடுற எடத்துலதாம்ப்பா மிஷின் இருக்கு" என்றாள். கிளம்புகிற அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்வரைக்கும் வந்தவர் அப்பாதான்.

அடிக்க வரும் புரோகிராம்களில் இருந்த தவறுகளை அவள் சுட்டிக்காட்டத் தொடங்கியதும், ஒரு வருடத்துக்குள் புரோகிராம் எழுதுகிற மேசைக்கு மாற்றினார்கள். அதோடு அவள் நின்றிருக்கலாம். ஆனால் மாலைக் கல்லூரியில் கணக்குப் பட்டப்படிப்புக்குச் சேர்ந்தாள். இருபத்தாறு வயதில், பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு முதல் பெஞ்சில். எனக்கு அது வீண் வேலையாகப் பட்டது. கையில் டிகிரி வைத்திருந்த நான் அப்போது அவளிடம்தான் என் அலுவலகக் கணக்குகளுக்கு வழி கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பில் எதிர்வீட்டுப் பெண், காலேஜே வேண்டாம், போனிலேயே எல்லாம் படித்துவிடலாம் என்கிறாள். படிக்கலாம்தான், பலர் படிக்கிறார்கள். அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம், அந்த முதல் நாள் வகுப்பு முடிந்து வந்த அக்காவிடம் நான் கேட்டது ஞாபகத்துக்கு வருகிறது. "ஒனக்குத்தான் எல்லாம் தெரியுமேக்கா, இனி இது எதுக்கு?" என்றேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, நோட்டை மேசையில் வைத்தாள்.

"எனக்குத் தெரிஞ்சது எதுன்னு எனக்குத் தெரியும்டா" என்றாள். "தெரியாம விட்டது எதெதுன்னு எனக்கு எப்புடித் தெரியும்? இன்னைக்கு மட்டும் மூணு கெடைச்சிருக்கு."